பிந்தி வந்த படங்கள்

2025 யூன் மாதக் கடைசியில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்துக் குழியிலிருந்து ஒரு படம் வெளியே வந்தது. யுனிசெப் அடையாளம் போட்ட நீலப் புத்தகப் பை. அதோடு ஒரு சின்னப் பிள்ளையின் எலும்புக்கூடு. அந்தப் பிள்ளைக்கு நாலைந்து வயதிருக்கும் என்று நீதிமன்றத்துக்குப் போன அறிக்கை பிறகு சொன்னது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் படித்த ஆக்களுக்கு அந்தப் பை எப்படியானது எண்டு விளக்கத் தேவையில்லை. ஒரு கிழமைக்குள் அந்தப் படம் உலகச் செய்தி நிறுவனங்களுக்குப் போய், தெற்கில் சிங்களத்தில் எழுதுகிற ஆக்களின் பக்கங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

செம்மணியில் எலும்பு எடுத்தது அதுதான் முதல்தடவை இல்லை. 1999இல் இதே வெளியில் நீதிமன்ற உத்தரவோடு தோண்டினார்கள். வெளிநாட்டு அவதானிகள் வந்து நின்றார்கள், பத்திரிகைகளில் படங்களும் வந்தன. 15 எலும்புக்கூடுகள் எடுத்தார்கள். அதுக்குப் பிறகு இருபத்தைந்து வருசம், அந்த வெளியால் பஸ்ஸில் போகிற சனம் யன்னலால் ஒருக்கால் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டதுதான் மிச்சம். அந்த எலும்புகளின் படம் ஆரையும் அசைக்காமல் இந்தப் பையின் படம் மட்டும் ஏன் அசைத்தது?

போர்ப் படங்களைப் பற்றி எல்லாரும் சொல்லுகிற கதை ஒன்று இருக்கிறது. உண்மையைப் படம் எடுத்தால் போதும், உலகம் பார்க்கும், மனம் மாறும், போர் நிற்கும். இந்தக் கதைக்குச் சாட்சியாக எப்பவும் வியட்நாமைக் கூப்பிடுவார்கள். 1968 பெப்ரவரி 1ஆம் திகதி சைகோன் வீதியில் கைகட்டப்பட்ட ஒருவரின் தலையில் பொலிஸ் தலைவர் சுடுகிற கணத்தை எடி அடம்ஸ் எடுத்த படம். 1972 யூன் 8ஆம் திகதி நேபாம் குண்டில் உடுப்பு எரிந்து வீதியால் ஓடிவருகிற சிறுமியின் படம். இந்த இரண்டும்தான் அமெரிக்கரின் மனதை மாற்றின என்பார்கள்.

திகதிகளைப் பார்த்தால் கதை கொஞ்சம் ஆடும். 1972 யூனில் அமெரிக்கத் தரைப்படையின் பெரும்பகுதி ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டது. 1968 தொடக்கத்தில் போர் பற்றிய சந்தேகம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது, பிள்ளைகளின் சவப்பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த சனத்துக்கு அந்தப் படங்கள் ஒரு முகத்தைக் குடுத்தன. இல்லாத கேள்வியை அவை உண்டாக்கவில்லை. (அந்த இரண்டாவது படத்தை எடுத்தது உண்மையில் ஆர் என்பதே 2025இல் பெரிய சர்ச்சையாகி, வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு நிக் உட்டின் பெயரை இடைநிறுத்தி வைத்தது. ஐம்பது வருசமாக உலகமே பார்த்த படத்துக்கே இந்த நிலை.)

இதையும்விட எங்களுக்குக் கிட்டின கதை ஒன்று இந்தியாவில் இருக்கிறது. 1857 நவம்பரில் லக்னோ சிக்கந்தர் பாக் தோட்டத்துக்குள் பிரித்தானியப் படை ஏறக்குறைய 2000 சிப்பாய்களைக் கொன்றது. சில மாதம் கழித்து, 1858இல், ஃபெலிஸ் பியாட்டோ என்ற படப்பிடிப்பாளர் அங்கே போனார். அவர் எடுத்த படத்தில் இடிந்த மாளிகையின் முற்றம் முழுக்க மண்டையோடுகளும் எலும்புகளும் சிதறிக் கிடக்கின்றன. படத்துக்காக எலும்புகளைக் கிளறிப் பரப்பினார்கள் என்று அந்தக் காலத்திலேயே சொல்லப்பட்டது. போரில் செத்த ஆக்களைக் காட்டிய உலகத்தின் முதல் படங்களில் அதுவும் ஒன்று. அந்தப் படத்தைப் பார்த்த இங்கிலாந்துக்காரருக்கு அது படுகொலையின் படமாகத் தெரியவில்லை. கலகக்காரருக்குக் கிடைத்த தண்டனையாகத்தான் தெரிந்தது. எலும்பு தானாக ஒண்டும் சொல்லாது. ஆரின் எலும்பு, ஆர் கொன்றது என்று பார்க்கிறவன் முதலே முடிவெடுத்து வைத்திருக்கிறான்.

இனி எங்கட வீதிக்கு வருவம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அரியாலையைத் தாண்டி, செம்மணி வெளியைத் தாண்டி, நாவற்குழிப் பாலத்தால். மழை. சைக்கிளில் வயது போன ஆக்களை வைத்து உருட்டினார்கள், ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டார்கள், அடி எடுத்து வைக்க மணித்தியாலம் ஆனது. லட்சக்கணக்கில் சனம். இதை எங்கட வீடுகளில் கேட்காமல் வளர்ந்த பிள்ளை ஒன்றும் இராது. ஆனால் அந்த இரவுக்கு உலகத்துக்குத் தெரிந்த ஒரு படம்கூட இல்லை. செப்ரெம்பரிலேயே படை நடவடிக்கைச் செய்திகளுக்குத் தணிக்கை வந்துவிட்டது, சுயாதீன ஊடகவியலாளர் வடக்கே வர வழியில்லை. படம் இல்லாத இடத்தில் வசனம்தான் மிச்சம். புலிகள் சனத்தைத் துரத்தினார்கள் என்று அரசாங்கம் சொன்னது, ஆமிக்குப் பயந்து சனம் தானாக வந்தது என்று புலிகள் சொன்னார்கள். நடந்த சனத்தின் முகம் இரண்டிலும் இல்லை. ருவாண்டா அகதிகளின் நீண்ட வரிசையை 1994இல் ரீவியில் பார்த்த அதே உலகம், அடுத்த வருசம் நாவற்குழி வரிசையைக் காணவே இல்லை. எங்கட இடப்பெயர்வு உலகத்தின் ஞாபகத்தில் ஏறாமல் போனதுக்கு அரசியல் காரணங்கள் கனக்க உண்டு. படம் இல்லாததும் அதில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த வருசம், 1996இல், ஆமியின் கட்டுப்பாட்டுக்குள் வந்த யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 600 பேர் காணாமல் போனதாக சர்வதேச மன்னிப்புச் சபை எழுதியது. அதில் ஒருவரின் பெயர் மட்டும் நாடு முழுக்கத் தெரியவந்தது. செப்ரெம்பர் 7ஆம் திகதி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு சைக்கிளில் வந்த சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி கைதடிச் சென்றியில் பிடிக்கப்பட்டாள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் திரும்பி வரவில்லை. நாலு பேரின் உடல்களும் செம்மணியில் கிடைத்தன. பத்திரிகைகளில் வந்தது அந்த உடல்கள் இல்லை, அவளின் முகம். எந்த வீட்டு அல்பத்திலும் இருக்கக்கூடிய ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம். அதைப் பார்த்துத்தான் கொழும்பில் சிங்களப் பெண்களும் கேள்வி கேட்டார்கள். தமிழருக்கு நீதி கிடைக்காத அந்தக் காலத்தில் அபூர்வமாக அந்த வழக்கு கடைசிவரை போனது. 1998 யூலையில் குற்றவாளியாகக் காணப்பட்ட கோப்ரல் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 தொடக்கம் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். இன்றைக்குச் சித்துப்பாத்தியில் எடுக்கிற ஒவ்வொரு எலும்பையும் பார்க்கிறபோது சனத்துக்கு ஞாபகம் வருவது அந்தக் கூற்றுத்தான்.

காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட 600 பேரில் ஒரு முகம் தெரிந்தது, ஒரு வழக்கு நடந்தது. மற்றவர்களுக்கு இரண்டும் இல்லை.

இஞ்ச எங்கட பக்கத்தையும் பார்க்க வேணும். புலிகளிடம் கமரா இல்லாமல் இல்லை. நிதர்சனம் என்று தனிப் பிரிவு வைத்து, களத்துக்குள்ளேயே படப்பிடிப்பாளரை அனுப்பி, ஒளிவீச்சு என்ற காணொளிச் சஞ்சிகையை வெளிநாடு வரைக்கும் கொண்டுபோனார்கள். அந்த வேலையில் உயிர் விட்டவர்களும் உண்டு. தாக்குதலும், குண்டு விழுந்த வீடும், மாவீரரின் முகமும் அதில் பதிவாகின. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி சோனகத்தெரு முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தியது அதில் இல்லை. அந்தச் சனம் கையில் ஒன்றும் இல்லாமல் போன வீதிக்கும் உலகம் அறிந்த படம் கிடையாது. சரியாக ஐந்து வருசம் கழித்து அதே திகதியில் நாங்கள் நடந்தோம். இந்த ஒற்றுமையை எங்கட ஆக்கள் பேசத் தயங்குகிறார்கள். கமரா வைத்திருந்தவன் எதைப் படம் எடுக்காமல் விட்டானோ அது எங்கட பொதுசன அபிப்பிராயத்திலும் இல்லாமல் போனது. அரசாங்கத்தின் கமராவைப் பற்றிக் கதைக்கிறவர்கள் இதையும் கதைக்காவிட்டால் கணக்கு நேராகாது.

தமிழர் எல்லாருக்கும் தெரிந்த பழைய படம் 1983 யூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் எடுக்கப்பட்டது. உடுப்பெல்லாம் களையப்பட்ட ஒரு தமிழன் குந்தியிருக்கிறான், சுற்றி நிற்கிற பெடியள் சிரித்து ஆடுகிறார்கள். எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க, கம்யூனிஸ்ட் கட்சியின் அத்த பத்திரிகையின் படப்பிடிப்பாளர். ஒரு சிங்களவர். அந்த இரவில் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் கமராவைத் தூக்க என்ன துணிவு வேணும் எண்டு யோசித்துப் பாருங்கோ. அடுத்த நாட்கள் தணிக்கையின் நாட்கள், அத்த பத்திரிகையும் பூட்டப்பட்டது. அந்தப் படம் வேலை செய்யத் தொடங்கியது பிந்தித்தான். இன்றைக்குக் கறுப்பு யூலை என்றால் முதலில் கண்ணுக்குள் வருவது அதுதான். எரிகிற கடைகளின் படங்கள் எத்தனையோ இருந்தும் அவை பின்னுக்குப் போய்விட்டன. அந்தப் படத்தில் பயமுறுத்துவது குந்தியிருக்கிறவனை விட, சிரிக்கிற முகங்கள். எரிகிற கடையைத் தீவிபத்து என்று சொல்லித் தப்பலாம். சிரிப்புக்கு என்ன விளக்கம் சொல்லுவது?

2009இல் நிலைமை இன்னும் மாறியது. சுயாதீன ஊடகவியலாளர் ஒருவரையும் வன்னிக்குள் விடாமல், இது மனிதாபிமான நடவடிக்கை, பொதுமகன் ஒருவர்கூடச் சாகவில்லை என்று அரசாங்கம் சொன்னது. உள்ளுக்குள் இருந்து படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆசுபத்திரிக் கூடாரத்தில் இரத்தத்தோடு கிடக்கிற பிள்ளைகள், பங்கருக்கு மேலே சிதறிய உடல்கள். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் எங்கட சனம் அந்தப் படங்களை மட்டையில் ஒட்டி நடுவீதியில் பிடித்துக்கொண்டு நின்றது. மே 10ஆம் திகதி ரொறொன்ரோவில் பெருந்தெருவையே மறித்தார்கள். படம் இருந்தது, பார்க்கிற கண்ணும் இருந்தது. ஆனாலும் போர் நிற்கவில்லை. அந்தப் படங்களைப் பிடித்த கைகளில் புலிக்கொடியும் இருந்தது. வெள்ளைக்காரப் பத்திரிகைகளுக்குக் கொடி முதலில் தெரிந்தது, பிள்ளை பிறகுதான் தெரிந்தது. படம் ஆர் கையால் வருகிறது என்பதே அதன் கீழே எழுதாத தலைப்பு. கொடியைப் பிடித்த ஆக்களின் கோபத்தை நான் குறை சொல்ல வரவில்லை. உறவுகள் அங்கே செத்துக்கொண்டிருந்தபோது ஆர் இதையெல்லாம் யோசிப்பது.

உலகம் ஓரளவுக்கு நம்பிய படங்கள் வேறு இரண்டு இடத்திலிருந்து வந்தன. ஒன்று ஆகாயம். ஐநாவின் செய்மதிப் படங்கள், பிறகு பான் கி மூன் மே 23ஆம் திகதி பறந்து பார்த்தபோது எடுக்கப்பட்டு லண்டன் ரைம்ஸில் வந்த கடற்கரைப் படங்கள். அதில் மனிதர் இல்லை, குழிகளும் கூடாரங்களின் அடையாளமும்தான். மற்றது ஆமிக்காரரின் கைத்தொலைபேசி. நிர்வாணமாகக் கண்கட்டி இருத்திய ஆக்களைச் சுடுகிற காணொளியை ஓகஸ்டில் சனல் 4 காட்டியது. பொய் என்று அரசு மறுத்தது. 2010 தொடக்கத்தில் ஐநாவின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் அது உண்மையானதாகவே தெரிகிறது என்றார். வெற்றிக்கு ஞாபகார்த்தமாக எடுத்தது குற்றத்துக்குச் சாட்சியானது. சிக்கந்தர் பாக்கில் எடுத்தது வெற்றியாகவே நூறு வருசத்துக்கு மேல் கிடந்தது. இது சில மாதத்திலேயே மறுபக்கம் திரும்பிவிட்டது.

அப்படித் திரும்பியவற்றில் மிகத் தூரம் போனவை பாலச்சந்திரன் படங்கள். 2013 பெப்ரவரியில் த ஹிந்துவிலும் இன்டிபென்டன்ட் பத்திரிகையிலும் வந்தன. ஒன்றில் பிரபாகரனின் பன்னிரண்டு வயது மகன் மண்மூட்டைக் காவலரணுக்குள் இருந்து ஏதோ சாப்பிடுகிறான், தோளில் ஒரு சாரம் மாதிரித் துணி. மற்றதில் நெஞ்சில் சூட்டுக் காயங்களோடு கிடக்கிறான். இரண்டாவது படம் தனியாக ஏற்கெனவே வெளியில் வந்திருந்தது, அப்ப இவ்வளவு அதிர்வு இல்லை. சண்டைக்குள் அகப்பட்டுச் செத்தான் என்று சொல்ல முடிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் நடுவில் என்ன நடந்தது என்ற கேள்வியைப் பார்க்கிறவர் தானே கேட்கவேண்டியதாகிவிட்டது. என்னைக் கேட்டால், போர்ப் படம் ஒன்று அபிப்பிராயத்தை மாற்றுகிற விதம் இதுதான். பிணத்தைக் காட்டி அழவைப்பதை விட, உயிரோடு இருந்ததைக் காட்டிக் கேள்வியை விடுவது.

மார்ச் 8ஆம் திகதி சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அந்தச் சிறுவனின் முகம் தமிழ்நாடு முழுக்கச் சுவரொட்டியானது. கல்லூரிகளை மூடவேண்டி வந்தது. 19ஆம் திகதி திமுக மத்திய அரசிலிருந்து விலகியது. 21ஆம் திகதி ஜெனிவாத் தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. மாத முடிவுக்குள் சட்டசபையில் தீர்மானம் வந்தது, ஐபிஎல்லில் சென்னை மைதானத்தில் இலங்கை வீரர் விளையாட முடியாமல் போனது. அதே படங்கள் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம், தெற்கில், பொய்ப் பிரசாரமாகத்தான் பார்க்கப்பட்டன. அந்த ஆவணப்படத்தை எடுத்த கலம் மக்ரே அந்த வருச நவம்பரில் வடக்குக்கு ரெயினில் வெளிக்கிட்டபோது அனுராதபுரத்தில் கூட்டம் ரெயினையே மறித்தது. ஒரே படம், முப்பது கிலோமீற்றர் கடல், இரண்டு அபிப்பிராயம்.

அதனால்தான் 2025இன் புத்தகப் பை எனக்கு வேறாகத் தெரிகிறது. அந்தப் பையில் கொடி இல்லை, இயக்கம் இல்லை, தலைவரின் மகன் என்ற பேச்சுக்கும் இடமில்லை. மாத்தறையில் இருக்கிற ஒரு தாய்க்கும் பள்ளிக்கூடப் பை எண்டால் என்னவெண்டு தெரியும். சென்றியில் சண்டை பிடிக்க வந்த புலி என்று நாலு வயதுப் பிள்ளையை ஆரும் சொல்லமுடியாது. பை வெளியில் வருவதற்குச் சில நாள் முன்னம், யூன் 25ஆம் திகதி, ஐநா மனித உரிமை ஆணையாளர் வோல்கர் டேர்க் செம்மணிக்கு வந்துபோனார். வளைவடியில் மூன்று நாள் அணையா விளக்குப் போராட்டம் நடந்தது. கேள்வி ஏற்கெனவே காற்றில் இருந்தது. செப்ரெம்பர் தொடக்கத்தில் 240 எலும்புக்கூடுகள் வரை அடையாளம் கண்டபோது எண்ணிக்கையை விட அந்தப் பையைத்தான் ஆக்கள் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

இதன் விலையைக் குடுத்தவர்கள் இஞ்ச இருக்கிற படப்பிடிப்பாளர்கள். வெயிலில் குழியடியில் நாள்முழுக்க நின்று செம்மணியைத் தொடர்ந்து பதிவுசெய்த முல்லைத்தீவுச் சுயாதீன ஊடகவியலாளர் கணபதிப்பிள்ளை குமணனை ஓகஸ்டில் பயங்கரவாத விசாரணைப் பிரிவு கூப்பிட்டு மணிக்கணக்காக விசாரித்தது. 1995இல் கமராவை வரவிடாமல் தடுத்தார்கள். இப்ப கமரா வந்த பிறகு கமராக்காரனைக் கூப்பிடுகிறார்கள்.

மற்றப் பக்கத்தால் இன்னொரு கேடு வந்தது, அது எங்கட ஆக்களாலேயே. செயற்கை நுண்ணறிவில் செய்த செம்மணிப் படங்கள் முகநூலில் சுற்றத் தொடங்கின. நல்ல வெளிச்சத்தோடு, சினிமாப் போஸ்டர் மாதிரி எலும்புகள். இரக்கத்தில் பகிர்ந்தவர்கள்தான் பெரும்பாலும். ஆனால் 2009 முதல் எல்லாவற்றையும் பொய் என்று சொல்லிவந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி ஆரும் செய்யமுடியாது. பியாட்டோ எலும்பைப் பரப்பினார் என்ற பேச்சு அந்தப் படத்தை விட்டு இன்றுவரை போகவில்லை. எங்கட குழியில் இருக்கிறது போதும், ஒண்டும் கூட்டத் தேவையில்லை.

ஓகஸ்ட் 5ஆம் திகதி, குழிகளில் எடுத்த பொருட்களை நீதிமன்ற உத்தரவோடு சனத்துக்குக் காட்டினார்கள். உடுப்பு, செருப்பு, பை. முப்பது வருசத்துக்கு முந்தின உடுப்பொன்றை அடையாளம் காண ஒரு தாய் என்ன செய்வாள்? ஞாபகத்தைத் தேடுவாள், பிறகு வீட்டிலுள்ள பழைய படத்தைத் தேடுவாள். 2013இல் டேவிட் கமரூன் யாழ்ப்பாணம் வந்தபோது வாகனத்துக்கு முன்னால் விழுந்து நீட்டியதும், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் மடியில் வைத்திருப்பதும் அதே படங்கள்தான்: அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தது, கலியாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது, பள்ளிக்கூடக் குழுப்படத்தில் ஒரு தலை. 1995 ஒக்ரோபர் 30 இரவு அல்பத்தை எடுத்துக்கொண்டு ஓடின வீடுகள் கொஞ்சம்தான். அரிசி, சட்டி, உறுதி, நகை, அதுக்கு மேலே பையில் இடமில்லை. திரும்பி வந்தபோது வீடு உடைந்திருந்தது, அலுமாரி திறந்திருந்தது. அப்படி ஒரு படமும் மிஞ்சாத தாய்மார் போராட்டத்தில் பெயர் எழுதின மட்டையைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் முகம் வைத்திருக்கிற தாயைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள்.